ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது? மாணவர் ஸ்டார்ட்அப்களுக்குக் கைகொடுக்க வருபவர்களுக்கு

ஜூன் மாதம் கல்லூரி திறந்த கையோடு ஒரு சுற்றறிக்கை வரும். 'இவ்வாண்டு முதல் புத்தாக்கக் குழுவின் ஒருங்கிணைப்பாளராக இன்னார் செயல்படுவார்.' அந்த இன்னார் நீங்கள்தான் என்றால், சம்பளம் கூடப்போவதில்லை, வகுப்பும் குறையப்போவதில்லை. முன்பு பொறுப்பில் இருந்தவர் இரண்டு ஃபைலையும் சுருட்டி வைத்த ஒரு ஃபிளெக்ஸ் பேனரையும் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். ஃபைலைத் திறந்தால் முழுக்கப் புகைப்படம்: குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, பின்வரிசையில் போன் பார்க்கும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள்.

திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எட்டு வருடமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். முதல் இரண்டு வருடம் நானும் அந்தப் புகைப்படங்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் செய்து, தப்பு செய்து, திருத்திக் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியரை மனதில் வைத்து எழுதுகிறேன். படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் பழைய மாணவர், சொந்தத் தொழில் நடத்திக்கொண்டு நாலு பிள்ளைகளுக்கு வழிகாட்ட நினைப்பவர் ஆகியோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வாரம்: கொள்கையை வாசியுங்கள், சாவியைக் கேளுங்கள்

மாணவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போங்கள். மத்திய கல்வி அமைச்சகம் 2019-இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாகத் தேசிய புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான். ஒவ்வொரு கல்லூரியும் அதைத் தழுவித் தனக்கென ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். பல இடங்களில் எழுதி, பி.டி.எஃப். ஆக்கி, மறந்திருப்பார்கள். தேடி எடுத்து மூன்று இடங்களில் அடிக்கோடு போடுங்கள்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பது முதல் இடம். கல்லூரியின் வசதியையோ பணத்தையோ கணிசமாகப் பயன்படுத்தியிருந்தாலோ, பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்திருந்தாலோ, உரிமை கல்லூரிக்கும் கண்டுபிடித்தவர்களுக்கும் கூட்டாகச் சேரும் என்கிறது தேசியக் கொள்கை. கல்லூரி வசதி எதையும் தொடாமல், பாடத்துக்கு வெளியே மாணவர் செய்தது முழுக்க மாணவருக்கே. அதாவது ஃபைனல் இயர் புராஜெக்ட்டாகச் செய்ததை வைத்து நாளை கம்பெனி தொடங்கினால் கல்லூரிக்கும் அதில் உரிமை இருக்கும். இதை மாணவருக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். மூன்றாம் வருடம் சொன்னால் சண்டைதான் வரும்.

இரண்டாவது, மாணவர் தொடங்கும் கம்பெனியில் கல்லூரி எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு. 2 முதல் 9.5 சதவீதம் வரை என்கிறது கொள்கை. பொதுவாக அந்த உச்சத்தைவிட வெகு குறைவாகவே எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. நிர்வாகத்தில் யாராவது இருபது, முப்பது என்று பேச ஆரம்பித்தால் அந்தப் பக்கத்தை அவர்கள் முன்னால் வையுங்கள். மூன்றாவது, வருகைப்பதிவு. வருகை குறைந்தாலும் உரிய அனுமதியோடு தேர்வு எழுதவும், தேவைப்பட்டால் படிப்பில் இடைவெளி எடுத்துத் திரும்பி வரவும் கொள்கையில் இடம் இருக்கிறது.

கொள்கையில் இடம் இருப்பது வேறு, துறைத் தலைவர் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வராத நாளையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) கொடுப்பது வேறு. ஓ.டி. கிடைக்காத ஒரே காரணத்தால் செத்துப்போன நல்ல முயற்சிகளை நான் விரல் விட்டு எண்ணினால் இரண்டு கையும் போதாது. ஆகவே துறைத் தலைவர்களைத் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள், டீயோடு. மாதம் எத்தனை நாள், எந்த மாணவர், யார் கையெழுத்து என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் சாவி. எங்கள் கல்லூரியில் ஆய்வகம் நாலரை மணிக்குப் பூட்டப்படும். மாணவருக்கு வகுப்பு முடிவதும் நாலரை மணிக்குத்தான். இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு வருடம் ஆனது. கடைசியில் தீர்வு சின்னது: ஒரு பதிவேடு, ஒரு சாவி, எட்டு மணி வரை இருக்கச் சம்மதித்த ஒரு லேப் அசிஸ்டென்ட், அவருக்கு அதற்கு ஈடாக விடுப்பு. அந்த வருடம் நான் கூட்டிவந்த எந்தச் சிறப்பு விருந்தினரும் இந்தச் சாவி செய்த வேலையைச் செய்யவில்லை.

யோசனைப் போட்டியில் தொடங்காதீர்கள்

'உங்கள் ஐடியாவைச் சொல்லுங்கள், 10,000 ரூபாய் வெல்லுங்கள்' என்று போஸ்டர் ஒட்டினால் நூறு விண்ணப்பம் வரும். அதில் முப்பது ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, இருபது பார்வையற்றோர் கைத்தடி, பதினைந்து போனில் இயங்கும் மோட்டார் ஸ்டார்ட்டர். குறை பிள்ளைகளிடம் இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து யோசிக்கச் சொன்னால் யாருக்கும் ஏற்கெனவே பார்த்ததுதான் தோன்றும். அதிலும் சிலது புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய போர்டாக இருக்கும். கேட்டால் கோடிங் பாதி தெரியாது.

ஐடியா கேட்காமல் தொல்லை கேளுங்கள். உன் தெருவில், உன் வீட்டில், உன் மாமா கடையில் தினமும் யாரை எது படுத்துகிறது? திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது, தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை யோசித்தார். 2021-இல் அதற்காக, சுற்றுச்சூழல் முயற்சிகளுக்குத் தரப்படும் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கு வந்து, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். தொடக்கம் தெருமுனையில் ஒரு சாம்பல் குவியல்.

எங்கள் கல்லூரியில் இப்போது விண்ணப்பப் படிவம் ஒரே ஒரு பக்கம். தொல்லை என்ன, யாருக்கு, அவரை நேரில் பார்த்தாயா, அவர் இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறார். நான்கே கேள்வி. மூன்றாவதுக்கு 'இல்லை' என்று எழுதியவர்களைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். நூறு விண்ணப்பம் பதினொன்றாகக் குறைந்தது. முதல்வருக்கு வருத்தம்தான்.

வெங்காயப் பட்டறை

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. விலை ஏறும் வரை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டம் விட்டு, மேலே கீற்று வேய்ந்த அமைப்பு. ஈரம் ஏறினால் அழுகும். ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் நான்கு பேர், மூன்று பையன்களும் ஒரு பெண்ணும், ஈரப்பதம் அளக்கும் சென்சார், போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் செயலி என்று அழகாகச் செய்துவிட்டு வந்தார்கள். ஹேக்கத்தான் என்ற தொழில்நுட்பப் போட்டியில் இரண்டாம் பரிசும் வாங்கியிருந்தார்கள். யாருடைய பட்டறையையாவது பார்த்தீர்களா என்றேன். யூடியூபில் பார்த்தோம் சார் என்றார்கள்.

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். அறுபது வயதுக்காரர் ஒருவர் சென்சாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஈரம் ஏறிடுச்சுன்னு உங்க போன் சொல்லும். அதுக்கு முன்னாடியே என் மூக்கு சொல்லிடும் தம்பி. சொன்னப்புறம் பட்டறையைப் பிரிக்கணும், அழுகலைப் பொறுக்கணும். அதுக்கு ஆள் வேணுமே, ஆள் எங்க இருக்கு?" என்றார். பையன்களின் முகம் விழுந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் அவர் மனைவியோடு திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். பொறுக்க எத்தனை பேர், என்ன கூலி, ஒரு நாளில் எத்தனை மூட்டை முடியும், குனிந்து குனிந்து இடுப்பு என்ன ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

சென்சார் அலமாரிக்குப் போனது. அடுத்த நான்கு மாதத்தில் அவர்கள் செய்தது ஒரு சரிவான கம்பிவலை மேடை. மேலே கொட்டினால் மண்ணும் சருகும் கீழே உதிரும்; வெங்காயம் ஒற்றை அடுக்காக நகர்ந்து வரும்; நின்றபடியே அழுகலை எடுத்துப் போடலாம். கேட்க ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். அதில் ஒரு சிப் கூட இல்லை. பிள்ளைகளுக்கே அது கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். அந்தப் பெரியவர் அதை விட்டுவிட்டுப் போகச் சொன்னார், திருப்பித் தரவில்லை.

இப்படிப் போகும் மாணவருக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சில உண்டு. 'இது வந்தால் வாங்குவீங்களா?' என்று கேட்கக் கூடாது. நம் ஊரில் வீடு தேடி வந்த பிள்ளையிடம் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வாங்குவோம் என்று சொல்லி மோரும் கொடுத்து அனுப்புவார்கள். நடந்ததைக் கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது அழுகியது, எவ்வளவு போனது, அப்போது என்ன செய்தீர்கள், அதற்கு எவ்வளவு செலவு? இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் பேச, ஒருவர் எழுத. செய்து வைத்திருக்கும் கருவியைக் கடைசிப் பத்து நிமிடம் வரை பையைவிட்டு வெளியே எடுக்கக் கூடாது. இருபது பேரையாவது பார்க்கும் வரை எந்த முடிவுக்கும் வரக் கூடாது. உண்மையில் தேவைதானா என்று தெரிய எனக்குத் தெரிந்த ஒரே சோதனை முன்பணம். 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுப்பவர் ஒருவர், 'சூப்பர்' என்று சொல்லும் ஐம்பது பேருக்குச் சமம்.

தொடங்கியது ஒன்று, முடிந்தது வேறு என்று மாணவர் சோர்ந்தால், மின் ஸ்கூட்டர் செய்யும் ஏதர் கம்பெனியின் கதையைச் சொல்லுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் முதலில் மின் ஸ்கூட்டருக்கான பேட்டரி செய்யத்தான் கிளம்பினார்கள். சந்தையில் இருந்த ஸ்கூட்டர்களே சரியில்லை என்று தெரிந்தபின் ஸ்கூட்டரையே செய்யலாம் என்று மாறினார்கள். 2013-இல் தொடங்கிய கம்பெனியின் வண்டி வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2018-இல். இன்று அவர்கள் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது.

முதல் மாதிரி, முதல் பில்

முதல் மாதிரியை எவ்வளவு மட்டமாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மட்டமாகச் செய்யச் சொல்லுங்கள். அட்டை, கம்பி, பழைய சைக்கிள் பெடல். கல்லூரியில் 3டி பிரின்டர் இருந்தால் எல்லாவற்றையும் அதில் அச்சடிக்கும் ஆசை வரும், கொஞ்சம் தடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வெல்டிங் செய்துகொடுத்தது துவாக்குடிப் பக்கம் ஒரு சின்ன பட்டறை. அங்கே இருந்த மேஸ்திரி சரிவின் கோணத்தைக் கண்ணால் பார்த்து மாற்றிக் கொடுத்தார். அதை நாங்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தால் ஒரு செமஸ்டர் போயிருக்கும்.

பணம் இந்தக் கட்டத்தில் ஆயிரங்களில்தான் வேண்டும், லட்சங்களில் இல்லை. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் புராஜெக்ட் திட்டம் போன்றவை இதற்குப் போதும். மாதிரி ஓரளவு நின்றபிறகு, தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு மற்றும் புத்தாக்க நிறுவனம் தரும் புத்தாக்க வவுச்சர் இருக்கிறது: யோசனைக் கட்டத்துக்கு 2 லட்சம் வரை ஒன்று, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை இன்னொன்று. கையால் தொட்டுப் பார்க்கும் பொருளாக இருந்தால் மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மாதிரி செய்ய 10 லட்சம் வரை கிடைக்கும். அதைத் தனிநபராகவே கேட்கலாம், கம்பெனி வேண்டியதில்லை. அறிவிப்புகள் வருடத்தில் சில முறைதான் வரும், தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

வெல்டிங் பட்டறையில் கொடுப்பது துண்டுச் சீட்டு. மானியம் கொடுத்த இடத்தில் கேட்பது ஜி.எஸ்.டி. பில், மூன்று கொட்டேஷன் (விலைப்புள்ளி), பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது மாணவர். இங்கேதான் நீங்கள் வேண்டும். முதல் நாளே ஒரு தனி வங்கிக் கணக்கு, ஒரு பதிவேடு, பில்லை அன்றன்றே போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம். மானியம் தவணை தவணையாகத்தான் வரும், முதல் தவணைக்குக் கணக்குக் காட்டாமல் இரண்டாவது வராது. ஒரு முறை பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பில் இல்லாமல் நானே கையிலிருந்து போட்டேன். அதன்பிறகு பதிவேட்டை வாரா வாரம் பார்க்கிறேன்.

போஸ்டருக்கு முன்னால் பேட்டன்ட்

கண்காட்சியில் காட்டி, மாநாட்டில் கட்டுரை வாசித்து, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸும் போட்டுவிட்டு, 'சார், பேட்டன்ட் எடுக்கலாமா?' என்று, அதாவது காப்புரிமை கேட்டு, வருவார்கள். ஊரறிய வெளியிட்டபின் அது சட்டப்படி புதுசு இல்லை. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் கல்லூரிக் கண்காட்சியெல்லாம் அதில் வராது. ஆகவே வெளியே காட்டுவதற்கு முன்னால் தற்காலிக விண்ணப்பம் ஒன்று போட்டுவிடுங்கள். தனிநபர், கல்வி நிறுவனம், ஸ்டார்ட்அப் என்றால் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அன்றைய தேதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும்; முழு விவரக்குறிப்பைத் தர 12 மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் இது காசு செலவழிக்கத் தகுந்ததா என்று தெரிந்துவிடும். தகாது என்றால் விட்டுவிடலாம்.

எல்லாவற்றுக்கும் பேட்டன்ட் கிடையாது என்பதும் தெரிந்திருக்கட்டும். வெறும் கணினி நிரலுக்கும் வியாபார முறைக்கும் இந்தியச் சட்டத்தில் இடமில்லை. வேளாண்மை முறைக்கும் இல்லை. வேளாண்மைக்கு உதவும் கருவிக்கு உண்டு.

கல்லூரிகளில் ஒரு வேடிக்கை நடக்கிறது. விண்ணப்பம் பேட்டன்ட் இதழில் வெளியானதுமே 'பேட்டன்ட் பெற்றார்' என்று பேனர் வைத்துவிடுகிறார்கள். விண்ணப்பம் போட்ட எதுவும் 18 மாதத்தில் பொதுவாக வெளியாகிவிடும். கட்டணம் கட்டினால் அதற்கு முன்பே வெளியாகும். வெளியாவது வேறு, பரிசோதித்து வழங்குவது வேறு. பரிசோதனைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இப்போது அதற்குக் கெடு 31 மாதம். பேனரைப் பார்த்து நம்பிவிட்டு அந்தக் கெடுவைத் தவறவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஒரு கல்லூரியில் ஒரு விண்ணப்பம் பார்த்தேன். கண்டுபிடித்தவர்கள் ஆறு பேர். மாணவியின் பெயர் ஐந்தாவது. முதல் நான்கு பேரில் இரண்டு பேருக்கு அது என்ன கருவி என்றே தெரியாது. வழிகாட்டியதால் நாம் கண்டுபிடித்தவர் ஆகிவிட மாட்டோம். நீங்கள் கொடுத்த யோசனை கண்டுபிடிப்பின் மையத்தில் இருந்தால் மட்டும் பெயர் போடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

நான்கு நண்பர்கள், நூறு சதவீதம்

நான்கு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 25. இதைவிடச் சுலபமான கணக்கு இல்லை, இதைவிட ஆபத்தானதும் இல்லை. ஆகஸ்டில் கேம்பஸ் பிளேஸ்மென்ட் தொடங்கும். ஒருவனுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை, இன்னொருத்திக்கு வெளிநாட்டில் மேல்படிப்பு. மீதி இரண்டு பேர் ராப்பகலாக உழைப்பார்கள். மூன்று வருடம் கழித்து முதலீட்டாளர் வந்து பார்த்தால் பாதிப் பங்கு ஊரில் இல்லாதவர்கள் கையில் இருக்கும். அதோடு அவர் எழுந்து போய்விடுவார்.

இதற்குத் தீர்வு, பங்கை ஒரே நாளில் கொடுக்காமல் உழைக்க உழைக்கச் சேர விடுவது. வெஸ்டிங் என்பார்கள். வழக்கம் நான்கு வருடம். முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. 25 சதவீதம் உள்ளவர் இரண்டு வருடத்தில் போனால் 12.5 அவருக்கு, மீதி கம்பெனிக்குத் திரும்பும். இதை வக்கீல் பத்திரமாக எழுதுவது பிறகு. முதலில் நான்கு பேரையும் ஒரு அறையில் உட்கார வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுத வையுங்கள். யார் என்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், வேலை கிடைத்தால் என்ன, கல்யாணம் ஆனால் என்ன, சண்டை வந்தால் யார் சொல்வது முடிவு. கல்யாணக் கேள்வியைப் பெண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல். இந்தப் பேச்சில் உடைகிற அணி எப்படியும் உடையும். இப்போதே உடைந்தால் நட்பாவது மிஞ்சும்.

பிளேஸ்மென்ட்டில் வேலைக்குப் போகிறவரைத் துரோகி ஆக்காதீர்கள். பாதாளச் சாக்கடையில் மனிதர் இறங்காமல் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோவைச் செய்த ஜென்ரோபாட்டிக்ஸ் நண்பர்கள், கேரளத்தில் குட்டிப்புரம் கல்லூரியில் படித்தவர்கள். படிப்பு முடிந்து வேலைக்குப் போய், அப்புறம் வேலையை விட்டுவிட்டுத்தான் சேர்ந்து வந்தார்கள். 2018-இல் ரோபோ களத்துக்கு வந்தது.

கம்பெனியைத் தள்ளிப்போடுங்கள்

இருபது வயதில் 'டைரக்டர்' என்று விசிட்டிங் கார்டு அடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆடிட்டரிடம் போனால் பத்து நாளில் பிரைவேட் லிமிடெட் பதிந்து கொடுத்துவிடுவார். பதிவது சுலபம், வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆடிட் வேண்டும், ஆண்டுக் கணக்கும் ஆண்டு அறிக்கையும் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய். இரண்டு படிவம், ஒரு வருடத் தாமதம் என்றால் 73,000. தேர்வு, பிளேஸ்மென்ட் என்று மறந்துபோன மாணவர் வீட்டுக்கு இந்தக் கணக்கு வந்தால் அப்பா கேட்கும் முதல் கேள்வி உங்கள் பெயர்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. 2021-இல் வந்த ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில் மாதிரி, சோதனை வேலைகளுக்கு 20 லட்சம் வரை மானியம் என்று வைத்தார்கள். அதற்கு நிபந்தனை, விண்ணப்பிக்கும்போது கம்பெனி தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இப்படிக் கம்பெனியின் வயது பார்க்கும் திட்டங்களில், இரண்டாம் ஆண்டில் ஆசைக்குக் கம்பெனி பதிந்தவர் உண்மையில் பணம் தேவைப்படும் நாளில் தகுதி இழந்து நிற்பார். பதிந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடுகிறது.

சரி, எப்போது பதிவது? முதல் வாடிக்கையாளர் பில் கேட்கும்போது, அல்லது ஒரு மானியம் கம்பெனி இருந்தால்தான் என்று சொல்லும்போது. அதுவரை சின்ன விற்பனைக்குத் தனிநபர் தொழிலாக உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) போதும், அது இலவசம். கம்பெனி, எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை ஆகிய மூன்றில் ஒன்று ஆனபின் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. 'வாங்கித் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள்' என்று போன் வரும், வைத்துவிடுங்கள். அங்கீகாரம் இருந்தால் பேட்டன்ட் வேலைக்கு அரசுப் பட்டியலில் உள்ள உதவியாளரைப் பயன்படுத்தலாம். அவர் கூலியை அரசு கொடுக்கும், கட்டணம் மட்டும் நம்முடையது.

எந்த இன்குபேஷன் சென்டர்?

புதிய ஸ்டார்ட்அப்களுக்கு இடமும் இயந்திரமும் வழிகாட்டலும் தருவது இன்குபேஷன் சென்டர். பெரிய பெயரைப் பார்த்துப் போகாதீர்கள்; பொருளுக்குத் தேவையான இயந்திரமும் ஆளும் இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். உணவுப் பொருள் என்றால் தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம். விவசாயம் என்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் வணிக மையம். பொறியியல் பொருள் என்றால் கோவையில் 1998 முதல் இயங்கும் பி.எஸ்.ஜி. ஸ்டெப், அல்லது அதே ஊரில் உள்ள ஃபோர்ஜ். ஆழமான தொழில்நுட்பம் என்றால் தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா. மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்று வட்டார மையங்கள் வைத்திருக்கிறது, அதன் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டத்தில் 10 லட்சம் வரை கிடைக்கும், பெண்கள் நடத்தும் நிறுவனம் போன்ற சில வகைகளுக்கு 15 லட்சம் வரை. பதிலுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள்.

சேர்வதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஸ்டார்ட்அப் ஆட்களிடம் மாணவரைப் பேசச் சொல்லுங்கள், நிர்வாகி இல்லாத நேரமாகப் பார்த்து. கேட்க வேண்டியது: இயந்திரத்தைத் தொட விடுகிறார்களா, மென்டர் (வழிகாட்டி) மாதம் எத்தனை முறை வருகிறார், பணம் சொன்ன தேதிக்கு வந்ததா.

வீட்டில் பேசுவது

இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி, கல்விக் கடன், தங்கை கல்யாணம். அந்தப் பையனிடம் ரிஸ்க் எடு என்று மேடையில் சொல்வது சுலபம். கடன் தவணை கட்டப்போவது நாம் இல்லை. நான் அம்மா அப்பாவைக் கல்லூரிக்கு வரச் சொல்வதில்லை, வீட்டுக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் கேட்பேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன். அந்த ஒரு வருடத்துக்குச் சாப்பாட்டுக் காசுக்கு வழி பார்த்துவிட்டுத்தான் போவேன். மேலே சொன்ன பிரயாஸ் போலவே மத்திய அரசின் 'நிதி' என்ற திட்டத்தில் வரும், தொழில் தொடங்குபவருக்கான ஈ.ஐ.ஆர். உதவித்தொகை மாதம் 30,000 வரை வரும், அது கிடைக்காவிட்டால் கல்லூரியிலேயே பகுதிநேர வேலை. ஒரு அப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "வருஷம் முடிஞ்சா நீங்களே வந்து கூட்டிட்டுப் போயி ஒரு வேலைல சேத்துவிடுவீங்களா சார்?" என்றார். சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவர் மகனுக்குத் தேவைப்படவில்லை; வேறு இரண்டு பேருக்குச் செய்திருக்கிறேன்.

மூடுவதும் ஒரு படிதான்

பெரும்பாலானவை நின்றுவிடும். நின்றால் மூட வேண்டும், அப்படியே விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன நாளொன்றுக்கு 100 ரூபாய் நின்றுபோன கம்பெனிக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாக்கி கொடுத்து, வங்கிக் கணக்கை மூடி, கம்பெனிப் பதிவாளரின் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க எஸ்.டி.கே.-2 படிவம் போட வேண்டும். அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். மாணவரிடம் அந்தப் பணம் இருக்காது. கல்லூரியின் புத்தாக்க நிதியில் இதற்கென்று கொஞ்சம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள்; எங்கள் கல்லூரியில் மூன்றாவது முறை கேட்டபோது கொடுத்தார்கள்.

வெங்காய அணி இப்போது இரண்டு பேர். மேடையை விற்பதில்லை, சீசனுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்தப் பெண்தான் கணக்கு வழக்கு எல்லாம். அலமாரியில் கிடந்த பழைய சென்சாரை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் மூன்று பேர் போன மாதம் கேட்டு வாங்கிப் போனார்கள், தேங்காய் உலர்த்தும் களத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம். களத்துக்காரரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நாளைக்குத்தான் சார் போறோம் என்றார்கள். சாவிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.